தேவசகாயம் ஏன் கொல்லப்பட்டார்? 'மறைசாட்சி' பட்டத்தைத் தீர்மானிக்கும் அந்த ஒரு கேள்வி

திருவண்ணாமலையில் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் ஒரு வித்தியாசமான சடங்கு நடக்கும். அண்ணாமலையார் கோயிலைவிட்டுக் கிளம்பி பக்கத்தில் இருக்கும் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போவார். அங்கே ஆற்றங்கரையில், இறந்துபோன ஒரு ராஜாவுக்கு மகன் ஸ்தானத்தில் இருந்து சாமியே திதி கொடுப்பார். அந்த ராஜா வல்லாள மகாராஜா. பிள்ளை இல்லாத அவருக்கு இறைவனே பிள்ளையாக வந்தார் என்கிறது தல வரலாறு.

இந்த வல்லாளர் வரலாற்றில் இருக்கும் ஆள்தான். போசள மன்னர் மூன்றாம் வல்லாளர், திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துக்கொண்டு மதுரை சுல்தானோடு போரிட்டவர். 1342-43 வாக்கில் கண்ணனூர் போரில் பிடிபட்டபோது அவருக்கு வயது 80-ஐ ஒட்டி. அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார் பயணி இபன் பதூதா. அவர் அந்த சுல்தானுக்குச் சகலை முறை, அதனால் எதிரி கட்டிவிட்ட கதை என்று தள்ளிவிடவும் முடியாது.

வேறு மதத்து அரசனின் கையில், இதைவிடக் கொடூரமாக ஒருவர் சாக முடியாது. ஆனாலும் திருவண்ணாமலை அவரை 'மதத்துக்காக உயிர்விட்டவர்' என்று நினைவுகூர்வதில்லை. கோபுரம் கட்டியவர், பிள்ளையில்லாத பக்தர், அவ்வளவுதான். காரணம் எளிது. அது நிலத்துக்கும் அதிகாரத்துக்கும் நடந்த போர். நம்பிக்கையை விட்டுக்கொடு என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

இந்த வித்தியாசம்தான் தமிழ்நாட்டின் இன்னொரு முனையில் சுமார் 270 ஆண்டுகளாக ஓயாத ஒரு விவாதமாக இருக்கிறது. குமரி மாவட்டத்தில் 1752-ல் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம், நம்பிக்கைக்காக இறந்தாரா, வேறு காரணத்துக்காகவா? வத்திக்கான் தன் பதிலைச் சொல்லிவிட்டது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியப் பொதுநிலையினர், அதாவது பாதிரியாரோ துறவியோ அல்லாத சாதாரண குடும்பஸ்தர்கள், அவர்களில் இந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் இவர்தான். 2025-ல் இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராகவும் அறிவிக்கப்பட்டார். ஆனால் பட்டம் கொடுத்ததோடு கேள்வி முடிந்துவிடவில்லை.

யார் இந்த தேவசகாயம்?

இயற்பெயர் நீலகண்ட பிள்ளை. 1712 ஏப்ரல் 23-ல் நட்டாலத்தில் பிறந்தார். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர். (குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான். இந்தக் கதையை மலையாள வரலாற்று ஆசிரியர்களும் தமிழ்ப் பாதிரியார்களும் சேர்ந்து எழுத நேர்ந்தது அதனால்தான்.) நாயர் சமூகத்தில் வசதியான குடும்பம். பத்மநாபபுரம் அரண்மனை நிர்வாகத்தில் வேலை. மன்னர் மார்த்தாண்ட வர்மா.

1741-ல் குளச்சல் போரில் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். சரணடைந்தவர்களில் ஒருவர் டி லனாய். அவரைக் கொல்லாமல், தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார் மன்னர். உதயகிரிக் கோட்டையில் டி லனாயோடு பழகும் வாய்ப்பு நீலகண்டனுக்குக் கிடைத்தது. குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகளால் அவர் நொந்து போயிருந்த காலம் அது. கத்தோலிக்கரான டி லனாய் அவருக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. எல்லாவற்றையும் இழந்தும் கடவுளைத் திட்டாத ஆளின் கதை.

1745 மே 14-ல் இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடக்கன்குளத்தில் இயேசு சபை பாதிரியார் புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் சொன்னால் தேவசகாயம். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார்.

அதன்பிறகு நாலு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. 1749 பிப்ரவரியில் கைது.

மூன்று வருஷம்

கைதுக்கும் சாவுக்கும் நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே நாளில் பிடித்துக் கொன்றுவிடவில்லை.

திருச்சபை வழியாக வந்திருக்கும் விவரங்கள்படி, அவரை எருமை மாட்டின் மேல் உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அடி. காயத்தில் மிளகாய்த்தூள். வெயிலில் நிறுத்திவைத்து, குடிக்க அழுகிய தண்ணீர். எருமையும் எருக்கம்பூவும் தற்செயலாக வந்தவை அல்ல. எருமை யமனின் வாகனம், எருக்கு அந்தக் காலத்தில் குற்றவாளிக்குப் போடும் மாலை. அரண்மனை அதிகாரியாக இருந்தவரை ஊர் பார்க்க மானம் கெடவைப்பதுதான் நோக்கம். புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் அவர் முழங்கையால் இடித்த பாறையிலிருந்து தண்ணீர் வந்தது என்று சொல்லி இன்றும் மக்கள் அங்கே போகிறார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிவைத்திருந்தார்கள் என்பதும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி. அங்கே அவரைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதுதான் அதிகாரிகளுக்குத் தலைவலியாகிவிட்டது என்கிறார்கள்.

பழைய மதத்துக்குத் திரும்பினால் பழைய பதவி என்பது நிபந்தனை. திரும்பவில்லை.

1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள். இன்று காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கும் அதே கணவாய்ப் பகுதி. உடலைக் காட்டில் போட்டுவிட்டார்கள். பிறகு எஞ்சியதை எடுத்துப் போய் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். இப்போது அவருடைய திருநாளும் அதே ஜனவரி 14-தான், பொங்கலோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

'சாட்சி' என்றால் என்ன?

செய்தித்தாள்களில் தாராளமாகப் புழங்கும் சொல் 'தியாகி'. சுதந்திரப் போராட்டத் தியாகி, மொழிப்போர் தியாகி. ஒரு லட்சியத்துக்காக எதையாவது இழந்தவர் எல்லாம் தியாகி. கிறிஸ்தவர்கள் சொல்வது 'மறைசாட்சி', பழைய வழக்கில் 'வேதசாட்சி', சீர்திருத்த சபைகளில் 'இரத்தசாட்சி'. மூன்றிலும் சாட்சி என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயல் இல்லை. 'மார்ட்டிர்' என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கே கோர்ட்டில் வந்து சொல்லும் சாட்சி என்றுதான் பொருள். அரபியில் 'ஷஹீத்' என்பதும் அப்படியே.

சாட்சி என்று வந்துவிட்டால் விசாரணையும் வந்துவிடும். அதற்கான விதிகளை விரிவாக எழுதிவைத்தவர் லம்பெர்த்தினி என்ற இத்தாலியர். புனிதர் பட்ட வழக்குகளில் எதிர்த்தரப்பு வக்கீல் போல வாதாடும் பதவியில் பல ஆண்டுகள் இருந்தவர், அதனால் ஓட்டைகள் எங்கே இருக்கும் என்று நன்றாகத் தெரியும். பிறகு அவரே 14-ம் பெனடிக்ட் என்ற பெயரில் போப் ஆனார், 1740 முதல் 1758 வரை. அதாவது தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றபோதும் சுடப்பட்டபோதும் ரோமில் இருந்த போப் அவர்தான். கொச்சி ஆயர் 1756-ல் தேவசகாயம் பற்றி ரோமுக்கு அறிக்கை அனுப்பியதும் அவர் காலத்தில்தான்.

அந்த விதிகளின் சாரம் இது. ஒருவர் செத்தால் போதாது. அவர் சாவை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும், தானாகத் தேடிப் போயிருக்கக் கூடாது. மிக முக்கியமாக, கொன்றவருக்கு அந்த நம்பிக்கையின் மேலிருந்த வெறுப்புதான் கொலைக்குக் காரணமாக இருக்க வேண்டும். செத்தவரின் மனதைவிட கொன்றவரின் மனதைத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இதுதான் இந்த முறையின் விசித்திரம், சிக்கலும் இதுதான்.

நிரூபித்துவிட்டால் ஒரு சலுகை உண்டு. மற்றவர்களுக்கு அருளாளர் நிலைக்கே ஒரு புதுமை (மருத்துவத்தால் விளக்க முடியாத குணமாதல்) தேவை. மறைசாட்சிக்குத் தேவையில்லை. 2012 ஜூனில் 16-ம் பெனடிக்ட் தேவசகாயத்தின் மரணத்தை மறைசாட்சி மரணம் என்று ஏற்றார். அந்த டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்ட விழா நடந்தது. அடுத்த கட்டத்துக்குத்தான் ஒரு புதுமை தேவைப்பட்டது. வயிற்றிலிருந்த சிசு தொடர்பான ஒரு நிகழ்வை 2020 பிப்ரவரியில் வத்திக்கான் ஏற்றது. மிச்சம் சம்பிரதாயம், நடுவில் கொரோனாவால் தாமதம்.

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?

ஏ. ஸ்ரீதர மேனன் உள்ளிட்ட கேரள வரலாற்று ஆசிரியர்கள் இந்தக் கதையைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மதம் மாறியதற்காக ஒருவரைக் கொன்றதாக திருவிதாங்கூர் ஆவணங்களில் ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு ராஜ துரோகம். அரசு ரகசியங்களை வெளியே சொன்னார் என்பது. வத்திக்கான் தன் வாழ்க்கைக் குறிப்பிலேயே துரோகம், உளவு என்ற குற்றச்சாட்டுகள் இருந்ததை மறைக்கவில்லை. பொய்க் குற்றச்சாட்டு என்கிறது.

சந்தேகப்படுகிறவர்கள் கையில் பலமான ஒரு சீட்டு இருக்கிறது. டி லனாய். அவர் கத்தோலிக்கர். மதம் மாறச் சொல்லி யாரும் அவரைத் தொடவில்லை. 1777-ல் இறக்கும்வரை திருவிதாங்கூர் படையின் பெரிய தலைவராகவே இருந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் சிதிலமாகிக் கிடக்கும் தேவாலயத்தில் லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டோடு அவர் கல்லறை இன்னும் இருக்கிறது. கிறிஸ்தவத்தின் மேல் வெறுப்புள்ள அரசு இதைச் செய்யுமா?

நியாயமான கேள்வி. ஆனால் இதை எதிர்ப்பக்கமிருந்தும் படிக்கலாம். டி லனாய் வெளியாள். அவர் கிறிஸ்தவராக இருப்பதில் திருவிதாங்கூரின் சமூக அடுக்கில் ஒரு செங்கல்கூட அசையாது. நீலகண்டன் உள்ளாள். நாயர், அரண்மனை ஊழியர், கோயில் சார்ந்த குடும்பம். அவர் மதம் மாறி, யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், யாரைத் தொடலாம் என்ற கணக்கைக் கலைத்தால்தான் பிரச்சினை. வத்திக்கான் குறிப்பும் இதைத்தான் சொல்கிறது. சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் சமம் என்று அவர் வற்புறுத்திப் பேசியது மேல்தட்டினரின் வெறுப்பைக் கிளப்பியது என்று.

தேதிகளையும் பார்க்க வேண்டும். தேவசகாயம் சிறையில் இருக்கும்போது, 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மா தன் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து மன்னர் பத்மநாப தாசன், தெய்வத்தின் சார்பில் ஆளும் ஊழியர். நாட்டின் சொந்தக்காரரே பெருமாள் என்றான பிறகு, அந்தப் பெருமாளை வணங்க மாட்டேன் என்று ஒரு அதிகாரி சொன்னால் அது மத விஷயமா, ராஜ துரோகமா? அந்தக் காலத்துக்கு இது இரண்டு கேள்வி இல்லை, ஒன்றுதான். மதம் வேறு, அரசியல் வேறு என்று பிரித்துப் பார்ப்பது பிற்காலப் பழக்கம். அதை 1750-ல் கொண்டுபோய்த் தேடினால் இரண்டு தரப்புக்கும் வேண்டியது கிடைக்கும். நடந்துகொண்டிருப்பது அதுதான்.

அரசியலும் மதமும் இப்படிப் பின்னிக்கிடப்பது இந்த ஒரு வழக்கில் மட்டும் இல்லை. 1544-ல் மன்னாரில் யாழ்ப்பாண மன்னர் சங்கிலி சுமார் 600 கத்தோலிக்கரைக் கொன்றார். மதம் மாறிய கரையோர மக்கள் போர்ச்சுகல் பக்கம் போய்விடுவார்கள் என்ற பயம் அதன் பின்னால் இருந்தது. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் வெட்டிக்கொல்லப்பட்ட அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோவின் கதையில் ஒரு குடும்பப் பிரச்சினையே இருக்கிறது. கிறிஸ்தவரான தடியத்தேவர், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அங்கிருந்து கோபம் பாதிரியார் மேல் திரும்பியது. இதில் எத்தனை பங்கு மதம், எத்தனை பங்கு மறவர் சீமையின் அரண்மனை அரசியல்? ரோம் 1947-ல் அவரைப் புனிதராக்கியது. ஓரியூரின் செம்மண் அவர் ரத்தம் என்று மக்கள் இன்றும் எடுத்துப் போகிறார்கள்.

பெயரில் ஒட்டிக்கொண்ட சாதி

கொன்றவர்களின் மனதைப் பற்றி இத்தனை வாதம் நடந்ததில், வீட்டுக்குள் இருந்த ஒரு சங்கடம் கொஞ்ச காலம் கவனிக்கப்படவில்லை. 2012 விழாவில் அவர் 'தேவசகாயம் பிள்ளை'. சாதி சமத்துவம் பேசியதால் கொல்லப்பட்டார் என்று சொல்லிவிட்டு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை வைத்தால் எப்படி? ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் உள்ளிட்டோர் இதை எதிர்த்து வத்திக்கானுக்கே எழுதினார்கள். பட்டம் நீக்கப்பட்டது. 2022-ல் வாசிக்கப்பட்ட பெயரில் 'பிள்ளை' இல்லை.

இதை ஒரு எழுத்துப்பிழைத் திருத்தம் போலக் கடந்துபோக முடியாது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டப்பட்ட தேவாலயத்தின் அமைப்பே அதற்குச் சாட்சி. ஒரு பீடம், அதிலிருந்து இரண்டு கால்கள் போல விரியும் இரண்டு கூடங்கள். வெள்ளாளர்கள் ஒரு பக்கம், நாடார்கள் ஒரு பக்கம், நடுவில் தடுப்பு. பாதிரியார் பூசை வைப்பது இருவருக்கும் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910-ல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தார். வழக்கு, தகராறு எல்லாம் வந்தது. தேவசகாயம் செத்து 158 வருஷம் கழித்து, அவருடைய திருச்சபைக்குள்ளேயே, அவர் பேசியதாகச் சொல்லும் விஷயத்துக்கு இவ்வளவு எதிர்ப்பு. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை, தனித் தெரு என்ற புகார்கள் தமிழ்நாட்டில் இன்னும் நின்றபாடில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால் பெயர்த் திருத்தத்தை மேல்பூச்சு என்று சொல்வது சரியில்லை. 'எதற்காகக் கொன்றார்கள்' என்ற கேள்விக்கு வத்திக்கான் சொன்ன பதிலின் ஒரு பகுதி அது.

விதி மாறுகிறதா?

எழுத்தில் மாறவில்லை, வாசிப்பில் மாறியிருக்கிறது. எல் சால்வதோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1980-ல் பூசை நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். சுட வைத்தவர்களும் கத்தோலிக்கர்கள்தான். அப்படியானால் எங்கே மத வெறுப்பு? வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. ஏழைகளுக்கான நீதி என்பது நம்பிக்கையிலிருந்தே பிறப்பது, அதை வெறுத்தாலும் நம்பிக்கையை வெறுத்ததாகவே அர்த்தம் என்ற வாசிப்பில் 2015-ல் அவரை மறைசாட்சி என்று ஏற்றார்கள்.

இந்தியாவில் இதே வாசிப்பு அருட்சகோதரி ராணி மரியாவுக்குப் பொருந்தியது. மத்தியப் பிரதேசத்தில் பழங்குடியினரைக் கடன்காரர்களின் பிடியிலிருந்து மீட்க வேலை செய்த அவரை, 1995 பிப்ரவரி 25-ல் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். கந்துவட்டிக்காரர்களின் கோபம் அது என்பது ஊரறிந்த விஷயம். 2017 நவம்பர் 4-ல் இந்தூரில் அவர் மறைசாட்சியாக அருளாளர் ஆனார். கொலையாளி சிறையில் இருந்தபோதே ராணி மரியாவின் தங்கை அவருக்கு ராக்கி கட்டியிருந்தார்.

தேவசகாயம் வழக்கில் சாதி சமத்துவத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்க முடிந்ததும் இந்த மாற்றத்தால்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கோப்பு ரோமுக்குப் போயிருந்தால் 'சமூகப் பிரச்சினை' என்று தனியாக ஒதுக்கியிருப்பார்கள்.

அடுத்து வரிசையில் நிற்பது ஒடிசாவின் கந்தமால். 2008 ஆகஸ்டில் சுவாமி லட்சுமணானந்தர் கொலைக்குப் பிறகு அங்கே வெடித்த வன்முறையில் இறந்தவர்களில் 35 பேருக்கு மறைசாட்சி விசாரணையைத் தொடங்க 2023 அக்டோபரில் வத்திக்கான் அனுமதி கொடுத்தது. அந்த வன்முறைக்கு மதம் காரணமா, பழங்குடி - தலித் நிலத் தகராறா, இட ஒதுக்கீட்டுச் சண்டையா என்ற வாதம் 2008-லேயே தொடங்கிவிட்டது. தேவசகாயத்துக்கு ஓலையையும் வாய்மொழியையும் பழைய கடிதங்களையும் வைத்துத்தான் வாதாட வேண்டியிருந்தது. கந்தமாலில் நேரில் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். மறுமதம் மாறினால் விட்டுவிடுகிறோம் என்று கொல்வதற்கு முன் யாரிடம் கேட்கப்பட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்பதை 35 பேருக்கும் தனித்தனியாக அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.